ஒரு கப் மாவு... எந்த ஊர் கப்?

ஆம்பூரிலோ ராணிப்பேட்டையிலோ ஒரு ஷூ கம்பெனிக்குப் போய், "எட்டாம் நம்பர் ஷூ ஆயிரம் ஜோடி வேணும்" என்று ஆர்டர் கொடுத்துப் பாருங்கள். உடனே வரும் கேள்வி, "எந்த நாட்டு எட்டு?" ஆண்கள் ஷூவில் பிரிட்டிஷ் 8 என்பது அமெரிக்காவில் ஏறக்குறைய 9, ஐரோப்பாவில் 42. தோலின் பரப்பு சதுர அடியில், தடிமன் மில்லிமீட்டரில். தையல் மிஷினில் உட்காரும் பெண்களுக்கும் இதெல்லாம் அத்துப்படி.

அதே பெண் வீட்டுக்கு வந்து, பிள்ளையின் பிறந்தநாளுக்கு கேக் செய்யலாம் என்று உட்கார்ந்தால்? "மைதா - 1 கப்". எந்த நாட்டு கப்? எழுதியவர் சொல்ல மாட்டார். கேட்டால் "வீட்டில் இருக்கும் ஏதாவது கப்" என்பார். என்ன அநியாயம் இது!

அமெரிக்க கப் சுமார் 240 மில்லி. ஆஸ்திரேலிய கப் 250. ஜப்பானில் 200. மேஜைக் கரண்டி அமெரிக்காவில் 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20. சரி, கப் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். மாவைக் கரண்டியால் அள்ளிப் போட்டுத் தலைதட்டினால் 120 கிராம் சொச்சம். கப்பையே மாவில் விட்டு அழுத்தி அள்ளினால் 150 வரை போகும். ஒரே கப்பில் 30 கிராம் வித்தியாசம். மூன்று கப் மாவென்றால் கேக் செங்கல்தான்.

அடுத்தது பெயர்க் குழப்பம். வெளிநாட்டுக் குறிப்பை அப்படியே தமிழில் எழுதிவிட்டுக் கையைக் கழுவுபவர்கள் கவனிக்கட்டும்.

"ஒரு ஸ்டிக் வெண்ணெய்" என்பது அமெரிக்கக் கணக்கு, 113 கிராம். அதுவும் பெரும்பாலும் உப்பில்லாதது. நம் கடையில் கிடைக்கும் 100 கிராம் மஞ்சள் பாக்கெட் உப்புப் போட்டது.

"செல்ஃப் ரெய்சிங் மாவு" பிரிட்டிஷ் சரக்கு. 150 கிராம் மைதாவில் 2 டீஸ்பூன் பேக்கிங் பவுடர் கலந்தால் கிட்டத்தட்ட அதுதான். இதை எழுத ஒரு வரி போதும், யாரும் எழுதுவதில்லை.

பேக்கிங் பவுடரும் ஆப்பச்சோடாவும் ஒன்றல்ல. சோடா பொங்க தயிரோ எலுமிச்சையோ மாதிரி ஒரு புளிப்பு வேண்டும். பவுடரில் அந்தப் புளிப்பு ஏற்கெனவே கலந்திருக்கிறது. சோடாவின் வேகம் மூன்று நான்கு மடங்கு அதிகம். ஒரு டீஸ்பூன் பவுடருக்கு ஒரு டீஸ்பூன் சோடா போட்டால் கேக் சோப்பு மாதிரி கசக்கும்.

பிரிட்டனின் டபுள் க்ரீமில் கொழுப்பு சுமார் 48 சதவீதம். இங்கே அட்டைப் பெட்டியில் வரும் ஃப்ரெஷ் க்ரீமில் பொதுவாக 25. அதை விடிய விடிய அடித்தாலும் நுரைத்து நிற்காது.

"350 டிகிரியில் வைக்கவும்" என்பது ஃபாரன்ஹீட். செல்சியஸில் 177. பிரிட்டிஷ் குறிப்பில் இதுவே "கேஸ் மார்க் 4". வீட்டு ஓடிஜி பலவற்றில் டயல் 250-லேயே முடிந்துவிடும். 350-ஐ எங்கே தேடுவது?

இங்கே ஒரு கோஷ்டி கிளம்பும். "எங்க பாட்டி எந்தத் தராசு வெச்சாங்க? எல்லாம் கண் அளவுதான்!" உண்மை. ஆனால் பாட்டி செய்தது குழம்பு. உப்புக் குறைந்தால் நடுவில் போடலாம், புளிப்பு ஏறினால் வெல்லம் சேர்க்கலாம். ஓவனுக்குள் போன கேக்கைத் திருத்த வழியே இல்லை. தவிர, பாட்டியின் கண் அளவை அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டாள். பாஸ்டன்காரி பக்கத்தில் ஆம்பூர்க்காரி நின்றதில்லையே!

அதே பாஸ்டனில்தான் 1896-ல் ஃபேனி ஃபார்மர் தன் சமையல் புத்தகத்தில் தலைதட்டிய கப்பையும் கரண்டியையும் வற்புறுத்தினார். அதாவது அவர்களுடைய கப்பே ஒரு நிர்ணயிக்கப்பட்ட அளவு. இங்கே மட்டும் அது டீ குடிக்கும் கப்பாகிவிட்டது. நம் நாட்டிலும் ஊருக்கு ஊர் மாறிய சேர், வீசை, படியை ஒழுங்குபடுத்தத்தான் 1956-ல் எடை அளவுச் சட்டம் வந்தது. அன்று தீர்ந்த குழப்பத்தை இன்று கப் என்ற பெயரில் திரும்பக் கொண்டுவருவானேன்?

இதில் நஷ்டப்படுவது யார்? வெண்ணெய், முட்டை, கரண்ட் எல்லாம் காசு. ஷூ கம்பெனியில் வேலை செய்பவருக்கு ஒரு கேக் வீணானால் கூலியில் ஒரு பங்கு போச்சு. அதைவிடக் கொடுமை, அவர் குறிப்பைக் குறை சொல்வதில்லை. "எனக்குக் கைராசி இல்லை" என்று ஓவனை மூடி வைத்துவிடுகிறார். தப்பு எழுதியவருடையது, தண்டனை செய்தவருக்கு.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மாவு, சர்க்கரை, வெண்ணெயை கிராமில் எழுதுங்கள். சூட்டை செல்சியஸில் சொல்லுங்கள். கிடைக்காத பொருளுக்கு, செய்து பார்த்த மாற்றைச் சொல்லுங்கள். செய்து பார்க்கவில்லையா? எழுதாதீர்கள். சைஸ் போடாத ஷூவை எந்தக் கம்பெனியும் பெட்டியில் வைத்து அனுப்புவதில்லை.