கர்ப்பாசயத்தின் முன்யோசனை

சென்ற வாரம் நமக்கு வந்த கடிதங்களில் ஒரு தாயார் எழுதியதை நாலைந்து முறை படித்தோம். பதின்மூன்று வயதான அவருடைய மகளை மூன்று நாட்கள் தனியே உட்காரவைத்த பாட்டியம்மாள், "உடம்பிலுள்ள கெட்ட இரத்தம் கழிகிறது" என்று சமாதானம் சொன்னாராம். "கொட்டிலில் இருக்கும் லட்சுமிக்கு இது இல்லையே, பாட்டி! எனக்கு மட்டும் கெட்ட இரத்தம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டதாம் குழந்தை. பாட்டியம்மாளுக்குக் கோபம் வந்தது. தாயாருக்கோ விடை தெரியவில்லை.

உபாத்தியாயத் தொழிலில் இருக்கும் நாமும், அந்த அத்தியாயம் வரும்போதெல்லாம், "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று ஏட்டைப் புரட்டிய நாட்கள் உண்டு. அந்தப் பழைய கடனில் ஒரு பகுதியையாவது இன்று தீர்க்கப் பார்க்கிறோம்.

சிறுமியின் கேள்வி மிக நுட்பமானது. மாத விலக்கு என்பது மனிதர், குரங்கினத்தில் பல, சில வௌவால்கள், இன்னும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில பிராணிகள் ஆகியவற்றுக்கே உண்டு. பசு பருவம் கழிந்த இரண்டொரு நாளில் சிறிது இரத்தம் காட்டுவதும், பெண் நாய் பருவத்துக்கு முன் காட்டுவதும் வேறு சங்கதி. அங்கே கர்ப்பாசயத்தின் உட்போர்வை உரிந்து விழுவதில்லை.

விருந்தாளி வந்து கதவைத் தட்டிய பிறகு அடுப்பு மூட்டும் வீடுகள் உண்டு. வருவார் என்று எண்ணி முன்கூட்டியே சமைத்து வைக்கும் வீடுகளும் உண்டு. சுண்டெலி முதல் வகை. கரு வந்து தொட்ட பின்புதான் அதன் உட்போர்வை மாறத் தொடங்குகிறது. பசுவின் கருவோ உட்போர்வைக்குள் துளைத்துச் செல்வதே இல்லை. ஆகையால் அங்கே இவ்வளவு பெரிய ஏற்பாடு தேவைப்படவில்லை. மனுஷியின் கர்ப்பாசயம் இரண்டாம் வகை. கரு வந்தாலும் வராவிட்டாலும் மாதந்தோறும் பந்தி போட்டு விடுகிறது.

இந்தச் சமையலுக்கு உத்தரவு கொடுப்பது புரொஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன். முட்டை வெளிப்பட்ட பிறகு சூற்பையில் எஞ்சும் மஞ்சள் நிறப் பொருளிலிருந்து அது சுரக்கிறது. 1929-ல் அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரில் கார்னர், ஆலன் என்ற இருவர், சூற்பை நீக்கப்பட்ட முயல்களுக்கு அந்த மஞ்சள் பொருளின் சாரத்தைக் கொடுத்துக் கர்ப்பத்தைக் காப்பாற்றிக் காட்டினார்கள். 1934-ல் அது தூய நிலையில் பிரித்தெடுக்கப்பட்டது.

உடம்பின் ஒவ்வோர் உயிரணுவிலும் ஏறக்குறைய ஒரே ஜீன்களே இருக்கின்றன. கண்ணும் கல்லீரலும் வேறாக இருப்பது, எந்த ஜீன் எங்கே விழித்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. புரொஜெஸ்டிரோன் உட்போர்வையின் உயிரணுவுக்குள் புகுந்து, தனக்கென்று அங்கே காத்திருக்கும் புரதத்தோடு சேர்ந்து, டி.என்.ஏ. இழையில் குறிப்பிட்ட இடங்களைப் பற்றிக்கொள்கிறது. அவைதாம் விசைகள். தூங்கிய ஜீன்கள் விழிக்கின்றன. விழித்தவை சில தூங்குகின்றன. நீண்டு மெலிந்திருந்த உயிரணுக்கள் உருண்டு பருத்து, கருவை ஊட்டவும், அது அளவு மீறித் துளைக்காமல் தடுக்கவும் ஆயத்தமாகின்றன. ஹாக்ஸ்-ஏ-10 என்றொரு ஜீன் இந்த வேலையில் முக்கியமானது. பெண் குழந்தை தாய் வயிற்றில் உருவாகையில் அதன் கர்ப்பாசயம் அமையும் இடத்தை வகுக்க உதவுவதும் அதே ஜீன்தான். வீடு கட்டிய கொத்தனாரையே மாதாமாதம் வெள்ளையடிக்கவும் கூப்பிடுவது போல!

இந்த விசைகள் வந்த விதம் நம்மைத் திகைக்க வைத்தது. டி.என்.ஏ.யில் இடம் விட்டு இடம் தாவும் துணுக்குகள் உண்டு என்று மக்காச் சோளத்தை ஆராய்ந்து கண்டவர் பார்பரா மக்ளின்டாக் என்ற அம்மையார். 1940-களில் அவர் கண்டதைப் பலர் நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. 1983-ல் நோபெல் பரிசு கிடைத்தது. மனித டி.என்.ஏ.யில் கிட்டத்தட்டப் பாதி இத்தகைய நாடோடித் துணுக்குகளின் மிச்சமே. குப்பை என்று பெயரிட்டு ஒதுக்கியவர்களும் உண்டு.

2011-ல் வின்சென்ட் லின்ச், குந்தர் வாக்னர் முதலியோர் மனிதர், ஆர்மடில்லோ, ஒப்போஸம் ஆகியவற்றின் கர்ப்பாசயங்களை ஒப்பிட்டார்கள். ஒப்போஸம் குட்டியை இரண்டு வாரமே சுமந்துவிட்டுப் பைக்குள் அல்லது மார்பின் மேல் வளர்க்கும் இனத்தைச் சேர்ந்தது. நெடுநாள் சுமக்கும் இனங்களின் உட்போர்வையில் புதிதாக வேலைக்கு அமர்ந்த ஜீன்கள் 1,532 என்று கணக்கிட்டார்கள். அவற்றில் நூற்றுக்குப் பதின்மூன்று, மெர்-20 என்னும் நாடோடித் துணுக்குக்கு இரண்டு லட்சம் எழுத்துத் தொலைவுக்குள் இருந்தன. எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட துணுக்கு, நாளடைவில் விசையாகி, புரொஜெஸ்டிரோனின் சொல்லுக்குக் கட்டுப்பட்டது! தாய்ப்பாலுக்குக் காரணமான புரோலாக்டின் மூளையடியிலுள்ள பிட்யூட்டரியில் ஒரு விசையால் உண்டாகிறது. மனுஷியின் கர்ப்பாசயத்திலோ மெர்-39 என்ற மற்றொரு நாடோடித் துணுக்கிலிருந்து அமைந்த தனி விசையால் உண்டாகிறது.

இனி, கெட்ட இரத்தம். கரு வராவிட்டால் மஞ்சள் பொருள் சுமார் பதினான்கு நாளில் வாடுகிறது, புரொஜெஸ்டிரோன் குறைகிறது. உருமாறிய உயிரணுக்கள் பழைய நிலைக்குத் திரும்ப இயலாதவை. சுருள் இரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. உட்போர்வையின் மேற்பகுதி உதிர்கிறது. அத்துடன் வெளியேறும் இரத்தம் சாதாரணமாக இரண்டு மூன்று மேஜைக் கரண்டி அளவுதான். விரலில் அரிவாள்மணை பட்டால் வரும் அதே இரத்தம். கூடவே உதிர்ந்த போர்வைத் துணுக்குகள். அது எங்கும் தேங்கியிருந்து கழிவதில்லை. கழிந்த சில நாட்களில் அடிப்போர்வையிலிருந்து புதுப்போர்வை தழும்பின்றி வளர்ந்துவிடுகிறது. தோலுக்குக்கூட இந்தச் சாமர்த்தியம் கிடையாது.

மகளுக்கு இதையெல்லாம் எந்த இடத்திலிருந்து சொல்லத் தொடங்குவது என்று அந்தத் தாயார் கேட்டிருக்கிறார். கொட்டிலில் நிற்கும் லட்சுமியிடமிருந்தே தொடங்கலாம். பாட்டியம்மாளும் பக்கத்தில் இருக்கட்டும்.