பந்தெறியும் பிள்ளைகளும் பெற்றோரின் கணக்கும்

பள்ளிக்கூடப் பிள்ளைகள் பந்து விளையாடுவதைப் பற்றித் தலையங்கம் எழுதுவது வீண் வேலையென்று நமது நண்பர்களில் சிலர் எண்ணக்கூடும். தேசத்தில் இதைவிடப் பெரிய விஷயங்கள் இல்லையா என்று கேட்பார்கள். உண்டு. ஆயினும், 13 வயதுப் பையனொருவனுடைய முழங்கையும் முதுகெலும்பும் பெரியவர்களின் ஆசைக்குப் பலியாவதைச் சிறிய விஷயமென்று நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை.

காஞ்சீபுரத்தை அடுத்து, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் திருமுக்கூடல் என்ற சிற்றூர் இருக்கிறது. தை மாதத்தில் காஞ்சி வரதராஜர் பழையசீவரத்துக்கு எழுந்தருளிப் பின்னர் ஆற்றைக் கடந்து இவ்வூருக்கு வருவதை அறியாதார் அப்பக்கத்தில் இல்லை. ஆனால் அவ்வூர்க் கோயிற் சுவரில் உள்ள வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டை எத்தனை பேர் படித்திருப்பார்கள்? 11-ஆம் நூற்றாண்டில் அங்கே ஒரு கல்லூரி நடந்திருக்கிறது. மாணாக்கருக்கு உணவும் உறைவிடமும் ஏற்பட்டிருந்தன. சனிக்கிழமை தோறும் தலைமுழுக எண்ணெய் அளந்து கொடுக்கப்பட்டது. பக்கத்திலேயே வீரசோழன் என்னும் பெயருடைய ஆதுலசாலை. அதில் 15 படுக்கைகள். ஒரு வைத்தியர், சல்லியக்கிரியை செய்வோர் ஒருவர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பணிப்பெண்கள். பிள்ளையைச் சேர்த்துக்கொண்டால் அவன் உடம்புக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பதை அக்காலத்தார் கல்லிலே வெட்டி வைத்தனர். இன்று மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு பந்தாட்டம் கற்பிக்கும் பயிற்சிக் கூடங்களில் எத்தனை இடங்களில் ஒரு வைத்தியர் எட்டிப்பார்க்கிறார்?

பட்டுத் தறியை நம்பிய குடும்பங்களில் தகப்பனார் சொல்வது ஒன்றே: விளையாட்டு சோறு போடாது. பட்டணத்துக் குடும்பங்களில் சொல்வது இதற்கு நேர்மாறானது: விளையாட்டுத்தான் கோடி கோடியாய்க் கொட்டுகிறதே, உனக்கென்ன கேடு? முன்னவர் பையனை மைதானத்திலிருந்து இழுக்கிறார். பின்னவர் அவனை மைதானத்திலேயே கட்டிப்போடுகிறார். பையனுக்கு என்ன விருப்பம் என்பதை இருவரும் கேட்பதில்லை.

இவ்விருவரும் எடுத்துக்காட்டும் பெயர் ஒன்றே. சேலம் ஜில்லாவின் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த ஸ்ரீ நடராஜன், நெசவுக் கூடத்தில் கூலி வேலை செய்தவரின் மகன். தாயார் சாலையோரத்தில் கடை வைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். சுமார் 20 வயது வரையில் டென்னிஸ் பந்தையே எறிந்துவந்த அவர், 2020-ஆம் ஆண்டுக் கடைசியில் ஆஸ்திரேலியாவுக்கு வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராகப் போய், அந்த ஒரே சுற்றுப்பயணத்தில் ஒருநாள் ஆட்டம், இருபது ஓவர் ஆட்டம், டெஸ்டு ஆட்டம் ஆகிய மூன்றிலும் தேசத்துக்காக முதன்முறை ஆடினார். நமக்கெல்லாம் பெருமையே. ஆனால் இதைக் காட்டி, ஏழைப் பையனுக்கு மைதானமும் வேண்டாம், உபாத்தியாயரும் வேண்டாம், திறமையிருந்தால் தானே முளைப்பான் என்று சிலர் பேசுவது கொஞ்சமும் நியாயமாகாது. முளைத்த ஒரு விதையைக் காட்டி, கருகிப்போன ஆயிரம் விதைகளை மறைக்கும் வாதம் இது. ஸ்ரீ நடராஜனே அப்படிக் கருதவில்லை; தமது ஊரில் ஒரு கிரிக்கெட் மைதானத்தை அமைத்து 2023-இல் திறந்துவைக்கச் செய்தார்.

அளவுமீறிய ஆசை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அறியப் பேஸ்பால் ஆடும் தேசங்களைப் பார்க்க வேண்டும். கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரனான அவ்வாட்டத்தில், பந்தெறிபவனுடைய கை ஒன்றே படையின் மூலபலம். ஜப்பானில் 1915 முதல் உயர்நிலைப் பள்ளிகளுக்குள் கோடைப் பந்தயம் நடந்துவருகிறது. பந்தயம் நடக்கும் கோஷியென் மைதானத்தின் மண்ணைப் பையில் அள்ளிக்கொண்டு அழுதபடி வீடு திரும்பும் பிள்ளைகளை அந்நாட்டார் வீரர்களாகக் கொண்டாடுகிறார்கள். 2018-இல் வடக்கே அகிதா மாகாணத்து விவசாயப் பள்ளி மாணாக்கனொருவன் 6 ஆட்டங்களில் 881 பந்துகளை எறிந்தான். தேசமே கைதட்டியது, வைத்தியர்கள் தலையிற் கைவைத்துக்கொண்டார்கள். முடிவில் 2020-இல், ஒரு வாரத்துக்கு 500 பந்துகளுக்கு மேல் எவனும் எறியலாகாது என்று விதி செய்ய நேர்ந்தது. அந்த 500 என்பதே நமக்கு அதிகமாகத் தோன்றுகிறது.

அமெரிக்கர் வேறு வழியில் பாடங் கற்றனர். 1974-இல் டாக்டர் பிராங்க் ஜோப் என்பவர், டாமி ஜான் என்ற ஆட்டக்காரரின் முழங்கையில் அறுந்த நாருக்குப் பதிலாக உடம்பின் வேறோரிடத்து நாரை எடுத்துப் பொருத்தினார். நன்கு தேர்ந்த ஆட்டக்காரனுக்குக் கடைசி மருந்தாக வந்த அந்தச் சிகிச்சையை நாளடைவில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் செய்யவேண்டி வந்தது. காரணம் யாதெனில், வருஷம் முழுவதும் ஓயாமல் ஒரே ஆட்டம், ஒரே கை, ஒரே எறிவு. 2014-இல் அங்கே வயதுவாரியாக வரம்பு வகுத்தார்கள்: 13, 14 வயதுப் பையன் ஒரு நாளில் 95 பந்துகளுக்கு மேல் எறியலாகாது, 66-க்கு மேற்பட்டால் 4 நாள் ஓய்வு, வருஷத்தில் 4 மாதம் எறிதலே கூடாது. வளரும் வயதில் வேகமாகப் பந்து வீசும் நம் கிரிக்கெட் பிள்ளைகளுக்கு இடுப்பருகே முதுகெலும்பில் விரிசல் காண்பதும் இவ்வகைத் துன்பமே.

பேஸ்பால் கதை நம் தேசத்தையும் தொட்டது. 2008-இல் அமெரிக்கர் சிலர் இங்கு வந்து பந்தெறியும் போட்டி நடத்தினர். தேறியவர்கள் லக்னோ விளையாட்டுக் கல்லூரியில் ஈட்டியெறிதல் பயின்ற ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் என்னும் இரு கிராமத்து இளைஞர்கள். சில மாதங்களில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் சங்கம் அவர்களை ஒப்பந்தம் செய்துகொண்டது. 2014-இல் சினிமாப் படமும் வந்துவிட்டது. படத்தில் காட்டாதது என்னவெனில், தினேஷ் 2010-இல் விடுவிக்கப்பட்டு ஊர் திரும்பினார். ரிங்கு சிங் பின்னர் காயங்களால் ஆட்டமின்றியிருந்து, உச்ச வகுப்பை எட்டாமலே மல்யுத்தப் பந்தயத்துக்குப் போனார். இருவரும் உழைப்பில் குறைந்தவர்களல்லர். அங்கே ஆயிரவரில் ஒருவனே தேறுவான் என்பதுதான் அத்தொழிலின் இயல்பு. இதைப் பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்பும் தகப்பனார் முதல் நாளே அறிந்திருக்க வேண்டும்.

இன்னொரு பாவமும் நடக்கிறது. பையனுக்கு இரண்டு வயது குறைத்துப் பிறப்புச் சான்று வாங்கி, சிறுவர் பந்தயத்தில் நுழைத்துவிடுவது. 2015-இல் டில்லியில் பட்டோடி நினைவுச் சொற்பொழிவு நிகழ்த்திய ஸ்ரீ ராகுல் டிராவிட் இதை வெகு கடுமையாகக் கண்டித்தார். தகப்பனாரும் பயிற்சியாளரும் சேர்ந்து பொய் சொல்வதைப் பார்த்து வளரும் பையன், ஏமாற்றுவதே வழியென்று கற்றுக்கொள்ளமாட்டானா என்பது அவருடைய கேள்வி. எலும்பைப் படம்பிடித்து வயதறியும் நிலைக்குக் கிரிக்கெட் போர்டு வந்துவிட்டதென்றால், பெற்றோர் சொல்லுக்கு என்ன மதிப்பு மிஞ்சியிருக்கிறது என்று யோசிக்கட்டும். சான்றிதழ்களுக்காகவே ஆட்டம் தேடுவோரையும் நாம் அறிவோம். சர்க்கார் உத்தியோகத்தில் விளையாட்டு வீரருக்கு இட ஒதுக்கீடு இருப்பது நல்ல ஏற்பாடு, ஆயின் அதுவே ஆட்டத்தின் நோக்கமாகிவிட்டால் பையன் ஆடுவது பந்தையல்ல, காகிதத்தை.

இவற்றுக்கெல்லாம் நடுவே மறக்கப்பட்டவர் பள்ளிக்கூடத்துத் தேகப்பயிற்சி உபாத்தியாயர். தேசத்தில் இவர்களைப் பயிற்றுவிக்கும் முதற் கல்லூரி 1920-இல் ஹாரி குரோ பக் என்பவரால் சென்னையிலேதான் தோன்றியது. 2016-இல் ரியோவில் உயரத் தாண்டித் தங்கம் வென்ற மாரியப்பனின் திறமையை முதலில் கண்டுகொண்டவர், காசு வாங்கும் பயிற்சியாளரல்லர். அவருடைய பள்ளி உபாத்தியாயரே. அப்படியிருக்க, பரீட்சை நெருங்கினால் விளையாட்டு மணியைக் கணக்குப் பாடம் விழுங்கிவிடுகிறது. பெற்றோரும் அதை ஆட்சேபிப்பதில்லை. 2009-இல் இயற்றிய கல்வியுரிமைச் சட்டம் ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் வேண்டுமென்கிறது. ஆனால் நடுத்தர வகுப்புகளில் 100 பிள்ளைகளுக்கு மேலிருந்தால்தான் தேகப்பயிற்சிக்கு ஆசிரியர், அதுவும் பகுதிநேரத்துக்கு. திருமுக்கூடலைப் போன்ற சிற்றூர்களில் 100 பிள்ளைகள் எங்கிருந்து சேர்வார்கள்? பிள்ளை குறைந்த ஊரில் பிள்ளைக்கு உடம்பும் குறைவென்று சட்டம் வகுத்தவர்கள் கருதினார்களோ, என்னவோ!

சென்னை சர்க்கார் இந்த 100 என்ற எண்ணைக் காரணமாகக் காட்டாமல், நாலைந்து சிறிய பள்ளிகளுக்கு ஒருவராகவேனும் முழுநேர உபாத்தியாயரை நியமிக்க வேண்டும். பயிற்சிக் கூடங்கள் எல்லாவற்றையும் பதிவு செய்து, ஒவ்வொரு பையனும் வாரத்தில் எத்தனை பந்து வீசினான் என்ற கணக்குப் புஸ்தகத்தை வைத்தியரும் பெற்றோரும் பார்க்கும்படி வைக்கச் செய்ய வேண்டும். இதற்குப் பெரிய பொருட்செலவு இல்லை. ஒரு நோட்டுப் புஸ்தகமும் ஒரு பென்சிலும் போதும். அடுத்த பள்ளி ஆண்டு தொடங்குமுன் கல்வி இலாகா இதைச் செய்யுமா என்று அறிய விரும்புகிறோம்.