கடைக்காரரின் நேரத்தையும் செலவில் எழுதுவோம்

ஜூன், ஜூலையில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் மழைக்காலம். அமெரிக்கக் கல்லூரிகளுக்கோ அது கோடை விடுமுறை. நிறவெறி ஆட்சி கறுப்பினத்தவருக்கென ஒதுக்கிய லங்கா, குகுலெத்து, கயேலிட்ஷா போன்ற டவுன்ஷிப் குடியிருப்புகளுக்கு மாணவர் குழுக்கள் அப்போதுதான் வந்து சேர்கின்றன. பேராசிரியர் மைக்கேல் மோரிஸ் தொடங்கிய திட்டத்தில் அமெரிக்க மாணவர்களும் மேற்கு கேப் பல்கலைக்கழக மாணவர்களும் ஒரே குழுவாகச் சிறுதொழில் செய்வோரிடம் போய் உட்கார்ந்து கணக்கு, விலை, விளம்பரம் ஆகியவற்றில் உதவினார்கள். சேவையோடு சேர்ந்த வெளிநாட்டுப் படிப்பு என்று நம் துறையில் பேசப்படுவதற்கு நல்ல எடுத்துக்காட்டு இது. இப்படியான பயணங்களைத் திட்டமிடும் ஆசிரியர்களிடம் இந்த இதழ் ஒரு கோரிக்கையை வைக்கிறது.

அதற்கு முன் அந்தக் குடியிருப்புகளில் உள்ள கடைகளின் வரலாறு தெரிந்திருக்க வேண்டும். டவுன்ஷிப்பில் கறுப்பினத்தவர் ஒரு கடைக்கு மேல் நடத்தக் கூடாது, அன்றாடத் தேவைப் பொருளைத் தாண்டி விற்கக் கூடாது என்று 1963இல் நிறவெறி அரசு கட்டுப்படுத்தியது. பின்னாளில் பெரும் தொழிலதிபரான ரிச்சர்ட் மபோன்யா, ஜோஹன்னஸ்பர்க்கின் சொவெட்டோவில் துணிக்கடை வைக்க உரிமம் கேட்டு மறுக்கப்பட்டவர். அதனால்தான் பால் வியாபாரத்துக்குப் போனார். அதே சொவெட்டோவில் அவர் கட்டிய வணிக வளாகத்தை 2007இல் நெல்சன் மண்டேலா திறந்துவைத்தார். உரிமமும் முதலும் மறுக்கப்பட்ட இடத்தில், வீட்டின் முன்னறையிலும் தகரக் கொட்டகையிலும் முளைத்தவைதான் ஸ்பாஸா கடைகள். பாதி ரொட்டியும் ஒற்றைச் சிகரெட்டும் அங்கே தனித்தனியாக விற்கும். தெரிந்த முகத்துக்குக் கடனும் உண்டு. மேலோட்டமாகப் பார்க்கிற மாணவருக்கு இது ஒழுங்கில்லாத வியாபாரமாகத் தோன்றும். உண்மையில், நாள்கூலி வாங்குகிறவர் கையில் இன்று எவ்வளவு இருக்கும் என்று அறிந்து நடத்துகிற வியாபாரம் அது. அந்த அறிவு கடைக்காரரிடம் இருக்கிறது, மாணவரிடம் இல்லை. அவர் அதைச் சொல்லித்தர நேரம் ஒதுக்க வேண்டும்.

நம் அறிக்கைகளில் விடுபடுவது இந்த நேரம்தான். விமானக் கட்டணம், தங்குமிடம், மதிப்பெண், மாணவர் கற்றவை எல்லாம் பதிவாகின்றன. ஒற்றை ஆள் நடத்தும் கடையில் நான்கு மாணவர்களும் ஒரு மொழிபெயர்ப்பாளரும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் கல்லாவில் ஆள் இல்லை. வந்த வாடிக்கையாளர் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். அந்த இழப்பு யார் செலவிலும் ஏறுவதில்லை. விஸ்கான்சினின் மாடிசன் நகரச் சமூக அமைப்புகளிடம் கேட்டறிந்து ராண்டி ஸ்டோக்கரும் எலிசபெத் ட்ரையனும் 2009இல் வெளியிட்ட நூல் இதே வலியைப் பதிவு செய்கிறது: குறுகிய காலத்துக்கு வரும் மாணவரைப் பழக்கி எடுக்கும் சுமை, அவரை ஏற்றுக்கொண்ட அமைப்பின் தலையில் விழுகிறது.

அந்த நேரத்துக்கு ஈடாக நாம் எதைக் கொடுக்கிறோம்? டொமினிகன் குடியரசில் ட்ரெக்ஸ்லர், ஃபிஷர், ஸ்கோர் ஆகிய மூவர் நடத்திய சோதனையின் முடிவு 2014இல் வெளியானது. சிறுதொழில் செய்வோரில் ஒரு பகுதியினருக்கு முறையான கணக்குப்பதிவியல் கற்பித்தார்கள். மற்றொரு பகுதியினருக்கு, கடைப் பணமும் வீட்டுப் பணமும் கலக்காமல் பார்த்துக்கொள்வது போன்ற எளிய நடைமுறைகளை மட்டும் சொன்னார்கள். பலன் தெரிந்தது இரண்டாவது கூட்டத்தாரிடம்தான். கேப் டவுனிலேயே 852 சிறுதொழில்களில் ஆண்டர்சன், சாண்டி, ஸியா செய்து 2018இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுட்பமானது. விற்பனைப் பயிற்சி, நிதிப் பயிற்சி இரண்டுமே லாபத்தைக் கூட்டின. ஆனால் வேறு தொழில் சூழல்களை அதிகம் பார்த்திராதவருக்கு விற்பனைப் பயிற்சி கூடுதலாக உதவியது. ஏற்கெனவே நிலைபெற்ற தொழிலுக்கு நிதிப் பயிற்சி கூடுதலாக உதவியது. எந்தக் கடைக்கு எது என்று தெரிய அந்தக் கடையை முதலில் படிக்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே எக்செல் தாளைக் கொண்டுபோகும் குழு இந்தப் பாடத்தைத் தவறவிடுகிறது.

உகாண்டாவில் 930 தொழில்முனைவோர் பங்கேற்ற மற்றோர் ஆய்வையும் கவனிக்க வேண்டும். வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் தொலைவில் இருந்தபடியே மாதக்கணக்கில் பேசி வழிகாட்டினார்கள். சந்தைப்படுத்தலில் அனுபவமுள்ளவர் துணை கிடைத்தவர்களின் மாத விற்பனை, துணை கிடைக்காதவர்களைவிடச் சராசரியாக 50 விழுக்காட்டுக்கு மேல் கூடியது. அந்தத் தன்னார்வலர்கள் தொழில் அனுபவம் உள்ளவர்கள், மாணவர்கள் அல்லர். ஆகவே அதே பலனை நம் மாணவர்களிடம் எதிர்பார்க்க முடியாது. ஆனாலும் தொடர்ந்து பேசுவது உதவுகிறது என்பதை நாம் எடுத்துக்கொள்ளலாம். பயணம் முடிந்ததும் உறவும் முடிவது நம் திட்டங்களின் பெரிய பலவீனம்.

இப்படிப்பட்ட சேவையே வேண்டாம் என்றவரும் உண்டு. 1968 ஏப்ரலில் மெக்சிகோவின் குவர்னவாகாவில் அமெரிக்க மாணவத் தொண்டர்கள் முன் பேசிய சிந்தனையாளர் இவான் இல்லிச், சேவை செய்ய வராதீர்கள், பார்க்கவும் கற்கவும் வாருங்கள் என்றார். அவ்வளவு தூரம் போக இந்த இதழ் தயாரில்லை. சேவைவழிக் கல்விக்கு 1979இல் ராபர்ட் சிக்மன் வகுத்த முதல் கொள்கையே நமக்குப் போதும்: சேவை பெறுகிறவரே அந்தச் சேவையைக் கட்டுப்படுத்த வேண்டும். அப்படியானால் ஆய்வுக்கான கேள்வியைக் கடைக்காரர் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று அவர் சொன்னால் மதிப்பெண் குறையாமல் மாணவர் எழுந்து வர வழி இருக்க வேண்டும். குழு எழுதும் கணக்கு நோட்டு அவர் மொழியில் இருந்து, அவரிடமே தங்க வேண்டும். அடுத்த ஆண்டுக் குழு புதுக் கடை தேடாமல் அதே கடைக்குப் போக வேண்டும். இடைப்பட்ட மாதங்களில் அந்த ஊர்க் கல்லூரி மாணவர்கள் தொடர்பைக் காக்க வேண்டும், ஊதியத்தோடு.

நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களை நடத்திப் பழகிய நம் ஆசிரியர்களுக்கு, ஏழு நாளில் ஒரு ஊருக்கு எவ்வளவு செய்ய முடியும், எவ்வளவு முடியாது என்று நன்றாகத் தெரியும். வெளிநாட்டுக்கு மாணவர்களை அழைத்துச் செல்பவர்களும், வெளிநாட்டு மாணவர்களை நம் ஊர்க் கடைகளுக்கு அழைத்து வருபவர்களும் அந்த அனுபவத்தைப் பயன்படுத்த வேண்டும். இந்த ஆண்டுத் திட்ட வரைவை எழுதும்போது செலவுப் பட்டியலில் ஒரு வரி சேருங்கள்: கடைக்காரர் நமக்கு ஒதுக்கும் மணி நேரத்துக்கான தொகை. நிதி போதவில்லை என்றால் ஒரு மாணவரைக் குறையுங்கள், அந்த வரியை நீக்காதீர்கள்.