புழு முதிருமுன் மருந்து

மண்டகப்பட்டுப் பக்கம் ஆய்வுக்குச் செல்லும்போதெல்லாம் நாம் கேட்கும் குறை ஒன்றுண்டு: "மணிலாவுக்குப் பாக்டீரியா மருந்து அடித்தோம், கம்பளிப்புழு சாகவில்லை." எப்போது அடித்தீர்கள் என்று வினவினால், புழு வரப்பேறி அடுத்த கொல்லைக்கு ஊர்ந்த பிறகு என்பார்கள். மருந்தின்மீது பழி சுமத்துவது பொருந்தாது என்பதே நமது அபிப்பிராயம்.

பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் இக்கிருமி மேலே பட்டுக் கொல்லும் நஞ்சன்று. இலையோடு உள்ளே சென்று குடலைச் சிதைப்பது. இளம்புழு சில மணி நேரத்தில் தின்பதை நிறுத்திச் சில நாட்களில் மடியும். முதிர்ந்த புழு எளிதில் மசியாது. வெயிலும் மழையும் மருந்தின் வலிமையைப் போக்குமாதலால் மாலை வேளையே உகந்தது. கானடாவின் ஊசியிலைக் காடுகளில் விமானத்திலிருந்து தெளிப்போரும் புழுவின் பருவம் பார்த்தே நாள் குறிக்கின்றனர்.

நமக்கு நாள் குறிப்பது மழை. நல்ல மழை பெய்தபின் மண்ணுக்குள்ளிருந்து அந்துப்பூச்சி கிளம்பும். விளக்குப்பொறியில் அது விழத் தொடங்கியதும், இலையின் அடிப்புறத்தில் முட்டைக் குவியலைத் தேட வேண்டும். பொரித்த புழுக்கள் கூட்டமாய் இலையைச் சுரண்டும் அச்சில நாட்களே தருணம். மருந்து அதற்கு முன்பே சங்கக் கிடங்கில் இருக்க வேண்டாமா? புழு பரவியபின் கொள்முதல் தீர்மானம் நிறைவேற்றி என்ன பயன்?

பட்டு நூலை நம்பும் நெசவாளருக்கும் இதில் அக்கறை உண்டு. 1901இல் ஜப்பானில் இஷிவாட்டா இக்கிருமியைக் கண்டது நோயுற்ற பட்டுப்புழுவிலேதான். மல்பெரித் தோட்டத்தருகே இதைத் தெளிக்கலாகாது.