நிறுத்தத் தெரியுமா?

கடந்த டிசம்பர் விடுமுறையில், ஜப்பானின் ஹொக்கைடோ தீவில், ஆறேழு வயதுப் பிள்ளைகள் வரிசையாக நின்றிருந்த இடத்தை நோக்கி, நிறுத்த முடியாமல் சறுக்கிப் போனேன். பனியில் எனக்கு இருபது ஆண்டுக்கும் மேற்பட்ட பழக்கம் உண்டு. அந்தப் பழக்கம்தான் அன்று என்னை அங்கே கொண்டுபோய் விட்டது.

1990களின் நடுவில் சப்போரோவில் படித்தபோது ஸ்கீ கற்றுக்கொண்டேன். 1972ஆம் ஆண்டின் குளிர்கால ஒலிம்பிக் நடந்த நகரம் அது. மூத்த மாணவர் ஒருவர் கொடுத்த பழைய பலகைகளைச் சுமந்துகொண்டு தெய்னே மலைக்குப் பேருந்தில் போவேன். என்னைவிட உயரமான, நேரான பலகைகள். இரண்டு குளிர்காலம் விழுந்து எழுந்து ஓரளவு தேறினேன்.

அந்நாளில் ஜப்பானிய இளையர்களிடையே ஸ்னோபோர்டு மோகம் பரவியது. 1998இல் நாகானோ ஒலிம்பிக்கில் அது முதன்முறையாகப் போட்டியாகச் சேர்க்கப்பட்டது. நானும் அதற்கு மாறினேன். சிங்கப்பூர் திரும்பி வேலையில் சேர்ந்த பிறகும், இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை விடுப்பெடுத்துப் போய்ச் சறுக்குவேன். ஸ்கீயை மட்டும் தொடவே இல்லை.

இரண்டும் நெருங்கிய உறவுள்ள விளையாட்டுகள்தாம். 1965இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஷெர்மன் பாப்பன் என்பவர், தம் பிள்ளைகள் விளையாடுவதற்காக இரண்டு ஸ்கீ பலகைகளைச் சேர்த்துப் பிணைத்தார். ஸ்னோபோர்டுக்கு அது முன்னோடியானது. ஆனால் உடம்புக்கு இரண்டும் வேறு வேறு பாடங்கள். ஸ்னோபோர்டில் இரண்டு பாதங்களும் ஒரே பலகையில் பூட்டப்பட்டிருக்கும்; பக்கவாட்டில் நின்றபடி போவோம். பலகையைக் குறுக்கே திருப்பி விளிம்பை அழுத்தினால் நின்றுவிடும். ஸ்கீயில் முகம் முன்னே பார்க்கும். ஒவ்வொரு காலும் ஒரு பலகையை ஆள வேண்டும். திரும்பும்போது உடல் எடை வெளிப்பக்கக் காலுக்கு மாற வேண்டும்.

என் மகளுக்குப் பதினைந்து வயது. ஸ்கீதான் கற்க வேண்டும் என்றாள். தொடக்கநிலை வகுப்பில் சேர்த்தேன். “நீங்களும் வாங்கப்பா” என்றாள். “எனக்குத்தான் தெரியுமேம்மா” என்று சொல்லிவிட்டு, நான் மட்டும் நாற்காலி லிஃப்டில் ஏறி மேலே போனேன்.

வாடகைக்குக் கிடைத்த பலகைகள் என் மோவாய் வரைதான் இருந்தன. நடுவில் குறுகி, இரு முனையிலும் அகன்றிருந்தன. லேசாகச் சாய்த்தாலே வளைந்து திரும்பும் புதிய வடிவம். பனி எங்கே இறுகியிருக்கிறது, எங்கே மென்மையாக இருக்கிறது என்று என் கண்ணுக்குத் தெரிந்தது. வேகம் பயமுறுத்தவில்லை. அங்கேதான் ஆபத்து இருந்தது. கண்ணுக்கு இருபது ஆண்டு அனுபவம்; காலுக்கோ அன்றுதான் முதல் நாள்.

சரிவு வளையும் இடத்தில் அந்தப் பிள்ளைகளைக் கண்டேன். ஸ்னோபோர்டில் செய்வதுபோல உடம்பை ஒரே வீச்சில் குறுக்கே திருப்பினேன். ஒரு பலகை திரும்பியது; மற்றொன்று தன் போக்கில் போனது. வேறு வழியில்லாமல் பக்கவாட்டில் விழுந்தேன். பிள்ளைகளுக்குச் சில மீட்டர் முன்னால் போய் நின்றேன். யாருக்கும் அடிபடவில்லை. பயிற்றுநர் என்னைத் திட்டவில்லை. பிள்ளைகளுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார், அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

பனிச்சரிவில் கீழே இருப்பவருக்கே முன்னுரிமை. மேலிருந்து வருபவர்தான் விலகிப் போக வேண்டும். இந்த விதியை நானே பலருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

அன்று மாலை மகளிடம் நடந்ததைச் சொன்னேன். “நிறுத்தத் தெரியாமலா மேல போனீங்க? எங்களுக்கு முதல்ல அதைத்தானப்பா சொல்லிக் கொடுத்தாங்க” என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

மறுநாள் நானும் தொடக்கநிலை வகுப்பில் நின்றேன். பலகைகளின் முன்முனைகளை நெருக்கி, பின்முனைகளை விரித்து, ஜப்பானிய ‘ஹா’ எழுத்தின் வடிவில் வைத்து வேகத்தைக் குறைப்பதுதான் முதல் பாடம். நான் பின்னால் சாய்ந்து நிற்கிறேன் என்பதைப் பயிற்றுநர் உடனே கண்டுபிடித்தார். முழங்காலுக்குக் கீழே காலணியின் முன்பக்கத்தை அழுத்தச் சொன்னார். நண்பகலுக்குள் பழைய பிடி மெல்லத் திரும்பியது. புதிதாக வந்தவர்களுக்கு இரண்டு மூன்று நாள் ஆவது எனக்கு அரை நாளில் வந்தது. ஆனால் அந்த அரை நாளை நான் செலவழித்தே ஆக வேண்டியிருந்தது.

ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எப்பிங்ஹவுஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து ஆராய்ந்து, 1885இல் தம் முடிவுகளை வெளியிட்டார். முற்றும் மறந்துவிட்டதாகத் தோன்றுவதையும் மறுபடி கற்க, முதல்முறையைவிடக் குறைந்த நேரமே ஆகும் என்று காட்டினார்.

தேசிய சேவையை முடித்து இரண்டு ஆண்டுக்குப் பிறகு பாடப்புத்தகத்தைத் திறக்கும் இளையர்களை அறிவேன். உயர்நிலைப் பள்ளியோடு தமிழை விட்டுவிட்டு, வேலையிலோ தொண்டூழியத்திலோ மறுபடி தமிழில் பேச வேண்டிவந்தவர்களையும் அறிவேன். அவர்களில் சிலர் “எல்லாம் மறந்துபோச்சு” என்று தொடங்கவே தயங்குகிறார்கள். எப்பிங்ஹவுஸின் ஆய்வு அவர்களுக்குத் தெம்பு தர வேண்டும். வேறு சிலர் “எனக்குத்தான் தெரியுமே” என்று இணைப்பு வகுப்பைத் தவிர்த்துவிட்டு, முதல் தேர்வில் சறுக்குகிறார்கள். அவர்களோடுதான் நானும் அன்று நின்றேன்.

2018ஆம் ஆண்டு பியோங்சாங் ஒலிம்பிக்கில் செக் நாட்டின் எஸ்தர் லெடெட்ஸ்கா ஸ்கீயில் 0.01 வினாடி வித்தியாசத்தில் தங்கம் வென்றார்; ஒரு வாரம் கழித்து ஸ்னோபோர்டிலும் தங்கம் வென்றார். ஒரே ஒலிம்பிக்கில் இரண்டிலும் வென்றவர் அவருக்கு முன் யாரும் இல்லை. ஒன்று தெரிந்தால் மற்றதும் தானாக வரும் என்று அவர் இருந்துவிடவில்லை. இரண்டுக்கும் தனித்தனிப் பயிற்றுநர்கள் வைத்துப் பழகினார்.

விட்டுவந்த ஒன்றுக்குத் திரும்புகிறீர்களா? தயங்காமல் திரும்புங்கள். ஆனால் மேலே ஏறுவதற்கு முன், கீழ்ச்சரிவில் ஒருமுறை நின்று பாருங்கள். அடுத்த டிசம்பரில் நானும் முதல் நாள் காலை அங்கேதான் இருப்பேன். மகள் அதற்குள் மேலே போயிருப்பாள்.