கிரீடம் இறக்கிய பிறகு

செய்யாறு, வந்தவாசிப் பக்கம் பாரதக் கூத்தில் நம் சேரிக் கலைஞர் துரியோதனனாக வந்தால் ஊரே விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறது. காலையில் படுகளம் முடிந்து அரிதாரத்தைக் கழுவியதும், வயதில் பெரியவரையும் ‘வாடா, போடா’ என்கிறது அதே ஊர். திருவிழாக் காலம் போனால் கூலி வேலைதான். ஆனாலும் முகவீணை கேட்டால் அவருக்குக் கால் நிற்காது. அந்தப் பைத்தியம் நமக்குத் தெரியும்.

சிவகங்கை மாவட்டம் மாரந்தையில் பிறந்த கே.ஏ.குணசேகரனுக்கும் அதே பைத்தியம். ‘பலி ஆடுகள்’ நாடகத்தில் நம் கதையை மேடையேற்றினார். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகப் பேராசிரியரானார். எல்லோருக்கும் அந்த வழி திறக்கவில்லை.

அடுத்த பங்குனிக்கு முன்பணம் கொடுக்க வரும் விழாக் குழுவினரே, பேசிய கூலியை முழுசாகக் கொடுங்கள். சாப்பாட்டைக் கொட்டகைக்கு அனுப்பாதீர்கள். பந்தியில் உட்காரவைத்துப் போடுங்கள்.