தூண்டிலில் சிக்குவது யார்?

தூண்டிலில் மாட்டிய பாரை மீன் செய்யும் முதல் காரியம், பாறையை நோக்கி ஓடுவதுதான். பவளப் பாறையின் விளிம்பில் ஒருமுறை உரசினால் போதும், எவ்வளவு கெட்டியான நரம்பும் அறுந்துவிடும். மாட்டிய அந்தச் சில வினாடிகளுக்குள் மீனின் தலையைத் திருப்பியாக வேண்டும். திருப்புவது கழியா, ரீலா, கையா? அந்தமானுக்குப் பெரிய மீன் பிடிக்கப் புறப்படுகிறவர்கள் கடைக்குப் போகும் முன்பே இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துகொள்வது நல்லது. விமான டிக்கெட்டை விடத் தூண்டிலுக்கு அதிகம் செலவழிக்கப் போகிறார்களே!

பெங்களூர், மும்பை, சென்னையிலிருந்து போகிறவர்களுக்கு அந்தமான்தான் இந்தியாவின் கனவுக் கடல். ஹேவ்லாக்கிலிருந்தும் (2018 முதல் ஸ்வராஜ் தீவு) போர்ட் பிளேரிலிருந்தும் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) படகுகள் கிளம்புகின்றன. எரிமலைத் தீவான பேரன் தீவு வரை போகிறவர்களும் உண்டு. எல்லோருக்கும் குறி ஒன்றே: ராட்சதப் பாரை. இந்த இனத்தில் உலக சாதனை 72.8 கிலோ, 2006இல் ஜப்பானில் பிடிபட்டது. அந்தமானில் 20, 30 கிலோ மீன் மாட்டினாலே ஆசாமி ஆடிப் போய்விடுவார்.

கடைக்காரர் வழக்கமாகக் கேட்பது, "எவ்வளவு பெரிய மீன் பிடிக்கப் போறீங்க சார்?" கேட்க வேண்டியது, "எப்படிப் பிடிக்கப் போறீங்க?" படகு ஓடிக்கொண்டிருக்க இரையைப் பின்னால் இழுத்துச் செல்வது ஒரு முறை. அதற்கு ஐந்தரை, ஆறடி நீளமுள்ள குட்டையான, முரட்டுக் கழி. அதன் மேல் உட்காரும் உருளை ரீல். எடை ஒரு பொருட்டல்ல. மீன் மாட்டும்வரை படகே தாங்கிக்கொள்கிறது. பாரைக்கோ, 150 கிராம் எடையுள்ள மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன 'பாப்பர்' என்ற செயற்கை இரையை வெயிலில் நாள் முழுக்க வீசி வீசி இழுக்க வேண்டும். ஏழரை முதல் எட்டடிக் கழி, கீழே தொங்கும் பெரிய ஸ்பின்னிங் ரீல். இங்கே நூறு கிராம் கூடினாலும் மதியத்துக்குள் தோள் சொல்லிவிடும். ஒன்றுக்கு வாங்கியதை மற்றதற்குப் பயன்படுத்துவது, லாரிக்கு வாங்கிய டயரை ஸ்கூட்டருக்கு மாட்டுகிற கதை.

பணத்தில் பெரும் பங்கு போக வேண்டியது ரீலுக்கு. அதிலும் அதன் பிரேக்குக்கு. 1898இல் கலிஃபோர்னியாவின் கேட்டலினா தீவருகே சார்லஸ் ஹோல்டர் 83 கிலோ சூரை மீனைப் பிடித்தபோது ரீல்களில் இன்றைய பிரேக் கிடையாது. மீன் ஓடினால் கைப்பிடி பின்னோக்கிச் சுழன்று விரல்களைப் பதம் பார்க்கும்; தோல் பட்டையைக் கட்டைவிரலால் அழுத்தித்தான் நிறுத்த வேண்டும். நம் கைத்தூண்டில் மீனவர்கள் விரலில் ரப்பர் உறை மாட்டிக்கொண்டு இன்றும் அதைத்தான் செய்கிறார்கள், ரீலே இல்லாமல். பிரேக் சீரானதும் எல்லாம் மாறியது. 1953இல் பெரு நாட்டின் காபோ பிளாங்கோவில் ஆல்ஃபிரட் கிளாசெல் 707 கிலோ கறுப்பு மார்லினைக் கரைசேர்த்தார். கார்பன் ஃபைபர் கழிகள் வருவதற்குப் பல வருடங்களுக்கு முன்னால் நடந்த இந்தச் சாதனை இன்னும் முறியடிக்கப்படவில்லை.

பிரேக் என்பது ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய வாஷர்கள்தான். திருகினால் அவை நெருக்கப்படும். மீன் அந்த உராய்வை மீறித்தான் நரம்பை உருவ முடியும். எத்தனை கிலோ தாங்கும் என்று பெட்டியில் அச்சடித்திருக்கும் எண்ணைவிட முக்கியமானது, வழுக்கத் தொடங்கும் கணத்தில் அது திக்குகிறதா என்பது. திக்கினால் நரம்பு அங்கேயே அறுந்துவிடும். இன்னொன்றைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை. நரம்பு ஓட ஓட ரீலில் மீதமுள்ள சுற்றின் விட்டம் குறைகிறது. அது பாதியானால் மீன் உணரும் இழுவை இரண்டு மடங்காகிவிடும், திருகை யாரும் தொடாமலே. சின்ன ரீல் வாங்கி மிச்சம் பிடிப்பவர் மாட்டிக்கொள்வது இங்கேதான். கனத்த பின்னல் நரம்பு 300 மீட்டர் பிடிக்கிற ரீல் வேண்டும்.

36 கிலோவில் அறும் நரம்புக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 12 கிலோ பிரேக் வைப்பது வழக்கம். 12 கிலோ என்பது கேட்கச் சாதாரணம். வீட்டு மொட்டை மாடியில் கழியைப் பிடித்துக்கொண்டு, நரம்பின் மறுமுனையில் ஸ்பிரிங் தராசு கட்டி நண்பரை இழுக்கச் சொல்லிப் பார்க்கலாம். கழி நெம்புகோல் அல்லவா? நீண்ட முனை மீனிடம், குட்டை முனை நம்மிடம். ஐந்தாறு கிலோவிலேயே முதுகு பேச ஆரம்பித்துவிடும். தாங்க முடியாத பிரேக்கைத் தாங்கும் கழி எதற்கு? தன் உடம்பு தாங்கும் அளவுக்கு வாங்குவதே கெட்டிக்காரத்தனம். கழியில் அச்சிட்டிருக்கும் 'பிஇ 8' போன்ற எண், எந்தப் பருமனுள்ள நரம்புக்கு அது என்பதைச் சொல்கிறது. ரீலில் சுற்றும் நரம்பும் அதற்கு ஒத்துப்போக வேண்டும். ஒரே துண்டாக எட்டடிக் கழி வாங்கிவிட்டு விமான நிலையத்தில் முழிப்பவர்களும் உண்டு. கைப்பிடி தனியே கழல்வதாக இருந்தால் பிரச்சினை குறையும்.

ஜப்பானின் ஷிமானோ ஸ்டெல்லா, டைவா சால்ட்டிகா போன்ற உயர்ரக ரீல்கள் லட்ச ரூபாயை ஒட்டி வருகின்றன. வருடத்துக்கு ஒருமுறை போகிறவருக்கு மூன்றில் ஒரு பங்கு விலையில் உள்ளவையே போதும். எடை கூடுதல், சுற்றும் சுகம் குறைவு. ஆனால் பிரேக் ஏமாற்றாது.

மெல்லிய தூண்டிலில் பெரிய மீனோடு ஒரு மணி நேரம் மல்லுக்கு நிற்பதை வீரமாகச் சொல்லிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். மீனுக்கு அதுதான் ஆபத்து. அந்தமானில் பாரையைப் பிடித்துப் படம் எடுத்துவிட்டுக் கடலிலேயே விடுவதுதான் பெரும்பாலான படகுகளில் வழக்கம். ஓய்ந்துபோன மீன் நீந்திப் போவதுபோலத் தெரிந்தாலும் பிழைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, சுறாவும் காத்திருக்கும். நரம்பு அறுந்தாலோ வாயில் முள்ளோடும் பின்னால் பல மீட்டர் நரம்போடும் அது அலைய வேண்டும். கனமான தூண்டில், சீக்கிரம் முடியும் சண்டை, செதில் இல்லாத ஒற்றை முள். இவை மீனுக்குச் செய்யும் மரியாதை.

திரும்பி வந்ததும் ரீலின் பிரேக்கை இறுக்கி, நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவ வேண்டும். குழாயைப் பீய்ச்சினால் உப்பு உள்ளே போய்விடும். உலர்ந்தபின் பிரேக்கை முழுவதும் தளர்த்தி அலமாரியில் வைக்க வேண்டும். இறுக்கியபடியே மாதக்கணக்கில் விட்டால் வாஷர்கள் நசுங்கி ஒட்டிக்கொள்ளும். அடுத்த பயணத்தில் அதைக் கண்டுபிடித்துச் சொல்லப்போவது முதல் மீன்தான்.